கற்றை, வேகம், தாமதம்: தொடர்பியல் கலைச்சொற்களில் பொருள்மயக்கம்

முன்னுரை

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதங்கள் பெரிதும் சொல்லின் தூய்மை, ஒலிபெயர்ப்பு ஆகிய இரண்டையே மையமிட்டு அமைகின்றன. ஒரு சொல் தன் துறைக்குரிய கருத்துகளை வேறுபடுத்திக் காட்டுகிறதா என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. செயற்கைக்கோள் தொடர்பியலும் கணினி வலையமைப்பும் சந்திக்கும் இடத்தில் வழங்கும் மூன்று சொற்களைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

அலைக்கற்றை

2ஜி வழக்கின் வழியாக நாளிதழ்களில் நிலைபெற்ற ‘அலைக்கற்றை’ என்னும் சொல், அரசு உரிமம் வழங்கும் அலைவெண் தொகுதியைக் குறிக்கிறது. ‘பேண்ட்விட்த்’ என்பதற்கும் இச்சொல்லே ஆளப்படுவதுண்டு. தொடர்பியலில் பேண்ட்விட்த் என்பது ஹெர்ட்ஸில் அளக்கப்படும் அகலம். வலையமைப்பிலோ விநாடிக்கு இத்தனை பிட் எனக் கணக்கிடப்படும் கொள்திறன். இம்மயக்கம் ஆங்கிலத்திலேயே உள்ளது என்பர் சிலர். அதனைத் தமிழும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 36 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள டிரான்ஸ்பாண்டர், கனமழையின்போது குறைவான பிட்டுகளையே கடத்தக்கூடும். அங்கு அகலம் மாறுவதில்லை, கொள்திறனே மாறுகிறது. கொள்திறன் அகலத்தை மட்டுமன்றிக் குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் சார்ந்தது எனக் கிளாட் ஷானன் 1948இல் நிறுவினார். எனவே முன்னதைப் ‘பட்டை அகலம்’ எனவும் பின்னதைத் ‘தரவுக் கொள்திறன்’ எனவும் பிரித்தாளுதல் தகும்.

வேகமும் தாமதமும்

‘இணைய வேகம்’ என்னும் வழக்கு, கொள்திறனையும் தரவு சென்றடையும் நேரத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் உள்ளது. அதன் வழியே தரவு சென்று, ஒப்புகை திரும்பி வரச் சுமார் அரை விநாடி ஆகும். டிசிபி நெறிமுறையின் தொடக்ககால வடிவில், ஒப்புகை பெறாமல் அனுப்பத்தக்க தரவின் உச்ச அளவு 65,535 பைட். ஆகவே பட்டை எத்துணை அகலமாயினும், ஓர் இணைப்பில் விநாடிக்குச் சுமார் 10 இலட்சம் பிட்டுகளே கடந்தன. 1992இல் வெளியான ஆர்எஃப்சி 1323 இவ்வுச்சத்தை உயர்த்த வழிவகுத்தது. அரை விநாடியை அதனாலும் குறைக்க இயலவில்லை. ‘வேகம்’ என்னும் ஒற்றைச்சொல்லால் இந்நிகழ்வை விளக்க முடியாது.

‘லேட்டன்சி’ என்பதற்கு வழங்கும் ‘தாமதம்’, ‘சுணக்கம்’ ஆகியன குறைபாட்டுப் பொருளை உணர்த்துகின்றன. உரிய நேரம் கடந்த பின்னரே தமிழில் தாமதம் எனப்படும். ஒளியின் வேகத்தில் தொலைவைக் கடக்கும் நேரம் குறைபாடன்று. அதனைப் ‘பரவல் நேரம்’ எனலாம். திசைவியில் தரவுப்பொதிகள் வரிசையில் காத்திருப்பதற்கே ‘தாமதம்’ பொருந்தும். பின்னதைக் கருவி மேம்பாட்டால் குறைக்கலாம். முன்னதைக் குறைக்கச் சுற்றுப்பாதையையே தாழ்த்த வேண்டும்.

முடிவுரை

கருத்தைப் பிரிக்காத சொல் காரணத்தை மறைக்கிறது. தொலைவால் நேர்வதற்குக் கூடுதல் அகலமே தீர்வு எனத் தமிழ்வழி மாணவர் கருதுவதற்கு அதுவே இடந்தருகிறது. ஆதலின் கலைச்சொல் தொகுப்புகள், ஆங்கிலச் சொல்லுக்கு நிகர்ச்சொல் தருவதோடு அமையாமல், அளவீட்டு அலகையும் துறைப்பொருளையும் உடன் சுட்டுதல் இன்றியமையாதது.