சமரசமும் ஊடை நூலும்

‘சமரசம்’ என்கிற சொல் நம்மிடையே எவ்வளவு தூரம் சரிந்துவிட்டது! 1865-இல் வள்ளலார் சங்கம் கண்டபோது அது மேல்–கீழ் அற்ற நிலையைச் சுட்டிய சொல். தொழிலாளர் துறைக் கோப்புகளில் ‘சமரச அலுவலர்’ நுழைந்தபிறகு, மேசையின் இருபுறமும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்றாகிவிட்டது. அலுவலகமோ இயக்கமோ, தகராறு என்றால், ‘விடுங்க தோழர், பேசித் தீத்துக்கலாம்’. தீர்த்தது ஆறு மாதத்தில் திரும்பவும் வந்து நிற்கிறது. ஏன்?

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் தகராறை மூன்று வகையாகச் சொன்னது: முதலாளிக்கும் முதலாளிக்கும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும், தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும். நமது தொழிற்சங்கக் கதையாடல் இரண்டாவதை வரலாறாக்கிக்கொண்டது. மூன்றாவதை ‘சதி’, ‘பிளவு’ ஆகிய சொற்களால் மூடிவைத்தது. மூடப்பட்டது மறைவதில்லை, திரும்பத் திரும்ப வருகிறது.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் தொடங்கியதைப் பெருமையோடு சொல்கிறோம். மூன்றே ஆண்டில், 1921-இல், பெரம்பூர் பக்கிங்காம்–கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தம் புளியந்தோப்புக் கலவரமாக மாறியதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்கிறோம். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஆலைக்கு வெளியே. ஆதிதிராவிடரில் பெரும்பகுதியினர் உள்ளே. குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. பிளவை நிர்வாகம் பயன்படுத்திக்கொண்டது என்பது சரி. ஆனால் ‘வெள்ளைக்கார முதலாளி பிரிச்சுட்டான்’ என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டால், அவன் பிரிப்பதற்கு முன்னால் சேர்ந்திருந்தார்களா என்கிற கேள்வி எழாமலே போகிறது. ஆதிதிராவிடர் பக்கம் நின்ற எம்.சி.ராஜாவின் குரலைக் கேட்பதைவிட, ‘கருங்காலி’ என்று ஒற்றைச் சொல்லில் கணக்கை முடிப்பது எளிது.

பம்பாயில் இதே கேள்வி இன்னும் துல்லியமாக எழுந்தது. பஞ்சாலைகளில் தலித்துகளுக்கு நெசவுப் பிரிவில் இடமில்லை. கூலி குறைந்த நூற்புப் பிரிவுகளோடு சரி. நாடாவில் புதுத் தார் மாற்றும்போது ஊடை நூலின் முனையை நெசவாளி வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் எச்சில் பட்ட நாடாவை மற்றவர் எப்படித் தொடுவது? இதுதான் அங்கே சொல்லப்பட்ட காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்றார் அம்பேத்கர். சங்கத் தலைமை தயங்கித் தயங்கித்தான் இசைந்தது. அடுத்த ஆண்டு வேலைநிறுத்தத்தை அவர் எதிர்த்தார். இதை ‘ஒற்றுமையைக் குலைத்தார்’ என வாசிப்பவர்கள், குலைவதற்கு அங்கே இருந்தது எந்த ஒற்றுமை என்று சொல்லியாக வேண்டும்.

1938-இல் மன்மாட் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அவர் பார்ப்பனியத்தையும் முதலாளித்துவத்தையும் ஒருசேரத் தொழிலாளியின் எதிரிகளாக நிறுத்தினார். அங்கே அவர் காட்டிய உதாரணம் மிகச் சாதாரணமானது: போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், ஆகவே தலித்துக்குப் போர்ட்டர் வேலை கிடைக்காது. ஆக, தகராறின் வேர் ஆட்களின் குணத்தில் இல்லை, வேலை பங்கிடப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. சமரசம் பேசுகிறவர்கள் குணத்தைத் திருத்தப் பார்க்கிறார்கள், பங்கீட்டைத் தொடுவதில்லை.

இது பழங்கதை அல்ல. கலிபோர்னியா மாநிலச் சட்டத்தில் சாதி என்கிற சொல்லைச் சேர்க்கும் மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். ஏற்கெனவே உள்ள சட்டங்களிலேயே அது அடங்கும், தனியே தேவையில்லை என்பது காரணம். ‘எல்லோரும் தொழிலாளிகளே’ என்றது அன்றைய பொதுச்சொல். ‘எல்லா வேறுபாடுகளையும் மதிக்கிறோம்’ என்கிறது இன்றைய நிறுவன மொழி. இரண்டுமே குறிப்பானதைப் பொதுவானதில் கரைக்கும் உத்திகள்தான். பெயர் சூட்டப்படாத வேறுபாடு, தனிமனிதச் சண்டையாகவே ஒவ்வொரு முறையும் பதிவாகும். புகார் சொன்னவர் ‘ஒத்துப்போகாதவர்’ ஆவார்.

நிறுவனங்களைச் சாடுவது நமக்குச் சுலபம். நமது அமைப்புகளின் கதை என்ன? அறிக்கை எழுதுவது யார், இரவில் போஸ்டர் ஒட்டுவது யார்? கூட்டம் முடிந்ததும் டம்ளர் கழுவப் பெண் தோழர்தான் எழுந்திருக்கிறாரா? ‘அதெல்லாம் நம்மகிட்ட கிடையாது’ என்கிற பதில் எவ்வளவு விரைவாக வருகிறதோ, அவ்வளவு ஆழத்தில் அது இருக்கிறது என்று கொள்ளலாம். தகராறு வந்தபின் பஞ்சாயத்து கூட்டுவதைவிட, தகராறு இல்லாத நாளில் யாருக்கு எந்த வேலை என்று மினிட் புத்தகத்தில் எழுதிப் பார்ப்பதும், அடுத்த மாதம் அதை மாற்றிப் போடுவதும் கடினமான காரியம். வள்ளலார் காலத்துச் சமரசம் அங்கேதான் தொடங்க முடியும். மற்றதெல்லாம் தவணை நீட்டிப்புதான்.