பதினான்கு நாள்களின் மௌனம்: முலையிழப்பும் தன்னனுபவ எழுத்தும்

கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்தபின், வானூர்தி ஏறுமுன், பதினான்கு நாள்கள் கழிகின்றன. இக்காலக்கணக்கை இளங்கோவடிகள் மதுராபதித் தெய்வத்தின் வாயிலாக முன்னரே அறிவிக்கிறார். வையைக் கரைவழியே அவள் நடந்ததும் வேங்கை நிழலில் நின்றதும் கூறப்படுகின்றன. குன்றக் குறவர் அவள் துயரையும் கூறுகின்றனர். அந்தப் புண் என்னவாயிற்று என்பது மட்டும் கூறப்படவில்லை. இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. காப்பியத்திற்கு முலை நெருப்பாக வேண்டும். புண்ணாக இருந்தால் கதை நகராது.

ஆனால் காப்பியத்தின் இத்தேவையை நம் திறனாய்வு பொதுவிதியாகக் கொண்டுவிட்டது. முலையிழப்பு எங்கு வரினும் கற்பு, சினம், வீரம், குறியீடு என்றே வாசிக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையைப் பற்றிப் பெண்கள் தாமே எழுதிய எழுத்துகளுக்கு இவ்வாசிப்பு பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. பிறமொழிப் பனுவல்கள் இரண்டு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னி (1752-1840) தம் தமக்கை எஸ்தருக்கு 1812இல் எழுதி முடித்த கடிதம். 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், அவர் இல்லத்திலேயே, நெப்போலியனின் படை மருத்துவர் லாரே அவரது வலமுலையை அகற்றினார். ஈதர் மயக்கம் பொதுமேடையில் மெய்ப்பிக்கப்பட்டது 1846இல்தான். பர்னிக்குக் கிடைத்தது சிறிது மதுக்கலவை. முகத்தின்மேல் விரித்த மெல்லிய கைக்குட்டையின் ஊடே, கட்டிலைச் சூழ்ந்த ஏழு ஆண்களையும் கத்தியின் பளபளப்பையும் அவர் காண்கிறார். எவ்வளவு அகற்ற வேண்டும் என்பதை எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஒரு விரல் காற்றில் நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் பின் ஒரு வட்டமும் வரைகிறது. முழு முலையும் போகப்போகிறது என்பதை அவர் அந்த விரலிலிருந்தே அறிகிறார். (அக்கட்டி புற்றுதானா என்ற ஐயம் இன்றும் எழுப்பப்படுகிறது. கடிதத்தின் பெறுமதியை அது தொடுவதில்லை.)

இக்கடிதத்திலிருந்து எடுத்துக்காட்டப்பெறுவது பெரும்பாலும் கத்தி எலும்பைச் சுரண்டும் பகுதியே. பர்னியின் துணிவுக்கு அது சான்றாக நிறுத்தப்படும். எனக்கோ, அதனையடுத்து வரும் சில தொடர்களே கடிதத்தின் உயிர்ப்பகுதியாகப் படுகின்றன. பல திங்கள் வரை இதைப் பற்றிப் பேச முயன்றாலே அறுவை மீண்டும் நிகழ்வதுபோல் இருந்தது என்கிறார். எழுதும்போது தலை வலிக்கிறது. எழுதியதைத் திருப்பிப் படிக்கவும் அஞ்சுகிறார். நாவல் எழுதித் தேர்ந்த கை ஒன்று, தன் எழுத்தைத் தானே பார்க்க மறுக்கிறது. புண் மூடிய பின்னும் சொல் ஆறவில்லை. கடிதம் நிறைவுற ஒன்பது திங்கள் பிடித்தமைக்கு இதனினும் வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1980இல் வெளியிட்ட 'தி கேன்சர் ஜர்னல்ஸ்'. அவர்க்கு அறுவை நிகழ்ந்தது 1978 செப்டம்பரில். மருத்துவமனைக்கு வந்த தன்னார்வலர், முலை வடிவில் கம்பளி அடைத்த பஞ்சணை ஒன்றைக் கொடுத்துச் செல்கிறார். அதன் நிறம் வெளிர் இளஞ்சிவப்பு. அந்நிறம் யாருடைய தோலை மனத்தில் கொண்டது என்பதை லார்ட் உடனே கண்டுகொள்கிறார். பத்தாம் நாள் தையல் பிரிக்கச் சென்றபோது, பஞ்சணை வைக்காமல் வருவது பிறர் மனத்தளர்ச்சிக்குக் காரணமாகும் எனச் செவிலி கடிந்துகொள்கிறார். கண்ணகி வேங்கை நிழலை நோக்கி நடந்த பதினான்கு நாள்களின் எல்லைக்குள் அடங்கும் ஒரு நாள் இது. ஒரு பெண் எப்போது நலமடைந்தவளாகத் தோன்ற வேண்டும் என்பதைப் பிறர் கண்களே முடிவு செய்கின்றன.

லார்டையும் முழுதும் ஏற்க இயலவில்லை. பொய்முலை அணிவதை மறைப்பு என்றே அவர் வாதிடும் இடங்களில், அதனை ஆறுதலாகக் கொள்ளும் பெண்களுக்கு அந்நூலில் இடம் சுருங்கிவிடுகிறது. மேலும், ஒற்றை முலையுடைய தகோமி வீரமகளிரை அவர் நினைந்து வலிமை தேடுவது, கண்ணகியைக் கொண்டு நாம் செய்வதினின்றும் வேறன்று. அவர்க்கும் புண்ணினின்று தொன்மத்திற்கு ஏறிச்செல்ல ஒரு படி தேவைப்படுகிறது. வலியைக் கூறும் பகுதிகளில் இப்படி இல்லை. அங்கே அவர் வலிகளைப் பிரித்துப் பிரித்துப் பெயரிடுகிறார்: இடம் மாறாதது, நகர்வது, குத்துவது, எரிவது, அரிப்பது. அகற்றப்பட்ட முலையிலும் வலி இருக்கிறது. அதற்கு அவர் எந்தப் பொருளும் கற்பிக்கவில்லை.