யார் துவைத்தார்கள்?

பாரிஸின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு தொட்டில் போர்வை இருக்கிறது. ஓவியர் சோனியா டெலோனே 1911இல், அப்போதுதான் பிறந்திருந்த தன் மகன் ஷார்லுக்காகத் தைத்தது. கறுப்பும் பச்சையும் இளஞ்சிவப்புமாகத் துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்த ஒட்டுப்போர்வை.

கலை வரலாறு இதைப் பற்றிச் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். தாய் போர்வை தைத்தாள். தைத்ததில் கியூபிசம் தெரிந்தது. அங்கிருந்து அரூப ஓவியத்துக்குப் போனாள். இந்தப் ‘போனாள்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. தையல் கீழ்ப்படி, ஓவியம் மேல்படி என்று முன்பே முடிவுகட்டியவர்களால்தான் அப்படி எழுத முடியும். சோனியா எந்தப் படியையும் விட்டு ஏறவில்லை. ஓவியம் வரைந்துகொண்டே ஆடைகளும் துணி வடிவங்களும் செய்தார்.

யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. உக்ரைன் குடியானவர் வீடுகளில் கண்ட போர்வைகளிலிருந்து என்றார். ஆனால் நூல்களில் பிக்காசோவுக்கும் பிராக்குக்கும் பெயர் உண்டு. அந்த வீடுகளில் தைத்த பெண்களுக்கு ‘மரபு’ என்ற ஒற்றைப் பெயர்தான்.

பெண்ணியர்களாகிய நாம் செய்த மீட்பும் எனக்குப் போதவில்லை. ‘போர்வையும் ஓவியமே’ என்று வாதாடிச் சுவரில் ஏற்றினோம். ஏறிய கணமே அது போர்வை வேலையை இழந்தது. குழந்தைப் போர்வை என்றால் மூத்திரத்தில் நனையும், அடித்துத் துவைக்கப்படும், வெயிலில் வெளுக்கும், அடுத்த பிள்ளைக்குப் போகும், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகும். நன்றாக உழைத்த போர்வை மிஞ்சாது. மிஞ்சியவற்றை மட்டும் வைத்து எழுதும் வரலாறு, அதிகம் உழைத்தவற்றை விட்டுவிடுகிறது.

பிகாரின் சுஜனியை எடுத்துக்கொள்வோம். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத்தையலிட்டு, பிறந்த சிசுவைப் பொதியச் செய்தது. புதுத்துணி பச்சை உடம்பை உறுத்தும். உடுத்தித் தேய்ந்த துணிதான் மெத்தென்றிருக்கும். நம் வீடுகளில் தூளி கட்டப் பழஞ்சேலையைத் தேடியதும் இதனால்தானே? தேய்மானமே இங்கே மூலப்பொருள். அந்தத் தேய்மானத்தில் ஒரு பெண்ணின் பல வருட அடுப்படியும் துவைகல்லும் இருக்கின்றன.

பின்னாளில் முசாபர்பூர் மாவட்டத்துப் புசுரா கிராமத்துப் பெண்கள் விற்பனைக்குச் சுஜனி தைத்தபோது, அதே தையலில் வரதட்சணையும் வீட்டு வன்முறையும் சித்திரங்களாயின. சிசுவைக் காத்த துணி, அதைத் தைத்தவளின் வழக்கையும் பேசத் தொடங்கியது. கூலி கேட்கும் வேலையாகவும் ஆனது. ‘தாய்ப்பாசம்’ என்று புகழும் நாக்கு கூலி என்றதும் தயங்குவதை நாம் பார்த்திருக்கிறோம்.

போர்வையை ஓவியமென்று மெச்சினால் மட்டும் விமர்சனம் ஆகிவிடாது. எத்தனை இரவுகள் தைத்தாள், யாரிடம் கற்றாள், யார் துவைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். அழகைப் பற்றிய கேள்விகள்தாம் இவையும்.