பைண்டு புத்தகத்தில் தங்கிய சிரிப்பு

கோவில்பட்டி வட்டாரத்துப் பழைய வீடுகளில், வாராவாரம் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருப்பார்கள். கதைக்காகச் சேர்த்த தாள்கள்தாம். அவற்றின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் தொற்றிக்கொண்டு வந்த சிரிப்புப் படங்களைத்தான் இன்று நான் முதலில் தேடுகிறேன்.

தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிபோட்டவர் நம் எட்டயபுரத்துக்காரர். 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதி அதைச் செய்தார். 1908இல் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரி போன பிறகும் 1910 வரை விடவில்லை. கருத்துப்படங்களுக்கென்றே ‘சித்திராவளி’ என்று ஓர் இதழ் நடத்தவும் எண்ணியிருந்தார், அது கைகூடவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்துத் தந்ததால் ‘இந்தியா’ படங்கள் இன்று நம் கைக்கு எட்டுகின்றன. மிதவாதிகளோடு நடந்த சண்டையும் மிண்டோ, மார்லி பெயர்களும் இப்போது விளக்கம் சொன்னால்தான் விளங்கும். ஆனால் அந்தக் கோபத்துக்கு விளக்கம் வேண்டாம். படத்தைப் பார்த்ததும் சுடுகிறது.

1928இல் எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னை வாங்கிய பின் வந்தது வேறொரு பள்ளி. அதில் ஓவியர் மாலி சங்கீத வித்துவான்களை வரைந்ததைப் பாருங்கள். நாலைந்து கோடுதான், அந்த வித்துவானின் கச்சேரியைக் கேட்டே இராதவனுக்கும் ஆள் எப்படிப்பட்டவர் என்று பிடிபட்டுவிடும். அவர் வழியில் வந்த கோபுலு வசனத்தையே எடுத்துவிட்டார். சொல் இல்லாமல் சிரிக்க வைப்பதுதான் இந்தக் கலையில் ஆகக் கடினம் என்பேன். பேச்சு வழக்கு பத்து வருஷத்தில் மாறிவிடுகிறது. கல்யாணப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருப்பவரின் முழிப்பு மாறுவதில்லை. பின்னால் மதன் வரைந்த ‘ரெட்டைவால் ரெங்குடு’வை இன்றைய பிள்ளைகளிடம் காட்டினாலும் சிரிக்கிறார்கள்.

மட்கிப்போனவையும் உண்டு. மாமியார் மருமகள், முதலாளி டைப்பிஸ்ட் துணுக்குகளைப் புரட்டும்போது முகம் சுளிக்கிறது. அவற்றைவிட என்னை வருத்துவது, தலைப்பாகையும் கோவணமுமாகப் பட்டணத்துக்கு வந்து பேந்தப் பேந்த விழிக்கும் ‘நாட்டுப்புறத்தான்’. அவன் நம் கரிசல் சம்சாரி. அவனை வைத்துச் சிரித்தவர்களுக்கு அவன் சிரிப்பு தெரியாது. மழை பொய்த்த வருஷத்திலும் ஊர்மடத்தில் உட்கார்ந்து பண்ணையாரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரன் வரை பட்டப்பெயர் வைத்தவன் அவன். அந்த நையாண்டியை இடைசெவலின் கி. ராஜநாராயணன் எழுத்தில் ஏற்றினார். அதைக் கோட்டில் கொண்டுவர ஒரு சித்திரக்காரர் நமக்கு வாய்க்கவில்லை. ஓவியர் கொண்டையராஜு கோவில்பட்டியில் இருந்து வரைந்த காலண்டர்ச் சாமிகள் தென்னாடெங்கும் சுவரேறின. நம் சம்சாரியின் குறும்பு மட்டும் தாளுக்கு வரவில்லை.

அதிகாரத்தை நோக்கி எறிந்த சிரிப்பு இன்னும் மழுங்கவில்லை. 1987இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ‘விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே ஓரிரு நாளில் விடுதலை. அந்த ஜோக்கை இன்று டீக்கடையில் சொன்னாலும் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி பைண்டு புத்தகங்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தொடர்கதைகள் நூலாக வந்துவிட்டன. ஓரத்துப் படங்களில் பல எந்த நூலிலும் ஏறவில்லை. வரைந்தவர் கையெழுத்தும் இதழின் தேதியும் தெரிகிற பக்கங்களையாவது தனியே எடுத்து வையுங்கள்.