கயிறும் தறியும்: தண்டியடிகள் புராணத்தில் பார்வையின்மையும் செயலும்

தண்டியடிகள் வரலாற்றை எடுத்துரைப்போர் பெரும்பாலும் அதன் முடிவையே கதையாகக் கொள்கின்றனர். பிறவியிலேயே பார்வையற்ற அடியார் திருவாரூர்க் குளத்தில் மூழ்கிக் கண்ணொளியுடன் எழுந்தார் என்பதே அவர்கள் கூறும் சுருக்கம். அதிசயத்தை முதன்மைப்படுத்தும் இவ்வாசிப்பில், அதற்கு முன் அவர் வாழ்ந்த வாழ்க்கை வெறும் காத்திருப்பாகச் சுருங்கிவிடுகிறது. சேக்கிழாரின் பாடல்கள் இவ்வாசிப்புக்கு முழுமையாக இடந்தரவில்லை.

புராணத்தின் முற்பகுதியில் தண்டியடிகள் கண் வேண்டி எங்கும் இரப்பதில்லை. தேவாசிரிய மண்டபத்தை வலம்வருகிறார், ஐந்தெழுத்தை ஓதுகிறார், கோயிலின் மேற்கிலுள்ள குளம் சமணப் பாழிகளால் இடம் குறைந்திருப்பதை அறிந்து, அதனைத் தோண்டிப் பெருக்க முடிவுசெய்கிறார். ஊரின் பொதுவெளியில் எது சுருங்கியுள்ளது, எது செய்யப்பட வேண்டும் என்று கணித்து முடிவெடுப்பவராகவே அவர் அறிமுகமாகிறார்.

அவர் பணியாற்றிய முறை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. தோண்டும் குழியருகே ஒரு தறி, கரையில் ஒரு தறி, இரண்டையும் இணைத்துக் கட்டிய கயிறு. கயிற்றைத் தடவியபடி குழிக்குள் இறங்கி மண்ணை வெட்டுகிறார். அதே கயிற்றைத் தடவியபடி கரைக்கு வந்து கொட்டுகிறார். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியிலேயே கயிறு இடம்பெற்றுவிடுகிறது. எனினும் ஒரு பாடலுக்குள் அடங்கிய அச்செய்தியை வேலைமுறையாக விரித்தவர் சேக்கிழாரே. பக்திக் காப்பியம் ஒன்று உடலுழைப்பின் நுட்பத்திற்கு இத்தனை இடம் தருவது தற்செயலன்று. பார்வையற்றோரைப் பற்றிய மரபுவழிப் பேச்சு அவர்களின் நாவன்மையையோ நினைவாற்றலையோ போற்றுவதோடு நின்றுவிடும். அந்தகக்கவி வீரராகவர் நினைக்கப்படுவதும் அவ்வாறே. தண்டியடிகளோ மண் சுமக்கிறார்.

குறைபாடு உடலைச் சார்ந்தது, தடை சூழலைச் சார்ந்தது என்று பிரித்துக் காண்பது இன்றைய ஊனமுற்றோர் ஆய்வியலின் அடிப்படைகளுள் ஒன்று. புராணத்தின் நிகழ்ச்சிப் போக்கில் இப்பிரிவு தெளிவாகத் தென்படுகிறது. மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று சமணர் தடுக்கின்றனர். தண்டியடிகள் அதற்கு இணங்காதபோது, கண்ணோடு காதும் இழந்தனையோ என்று இகழ்கின்றனர். ஒரு புலன் இல்லாதவருக்கு எல்லாப் புலனும் அறிவும் இல்லை என்று கொள்ளும் பழைய இழிவுரை இது. வழக்கு முற்றி, அவர்கள் அவரது மண்வெட்டியைப் பறித்துத் தறிகளையும் கயிற்றையும் பிடுங்குகின்றனர். தண்டியடிகளின் பணி நின்றுபோவது இவ்விடத்திலேயே. அதுவரை அவர் கண்ணில் மாற்றமேதும் நேரவில்லை. மாறியது கயிறு மட்டுமே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான வசதிகளை மறுப்பதையும் பாகுபாடாகவே கொள்கிறது. கயிற்றைப் பறித்த செயலை அக்கருத்தின் துணையோடு வாசிக்க இயலும். ஆனால் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. சட்டம் பிறரின் கடமையைப் பேசுகிறது. புராணத்தில் கயிற்றைக் கட்டித்தருபவர் எவருமில்லை, பணியாளரே அதனை வகுத்துக்கொள்கிறார். ஊரார் ஒருவரேனும் குழிக்குள் இறங்கியதாகப் பாடல்கள் கூறவில்லை.

இவ்வாசிப்பின் மிகக் கடினமான பகுதி புராணத்தின் பிற்பாதியாகும். நான் கண்பெற்று நீங்கள் கண்ணிழந்தால் என்ன செய்வீர் என்று தண்டியடிகளே வினவுகிறார். முடிவில் அவ்வாறே நிகழ்கிறது. தாம் இயல்பாக வாழ்ந்த நிலையையே எதிரிக்குரிய தண்டனையாக அவர் சொல்ல நேர்கிறது. சுந்தரர் சூளுறவை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியபோது பார்வையிழந்ததும் இவ்வகைத் தண்டனையே. திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்த ஊன்றுகோல் உதவியாக அன்றி, மனத்தாங்கலுக்குரிய பொருளாகவே அமைகிறது. ஆக, ஒரே காப்பியத்துக்குள் பார்வையின்மை ஒருபுறம் வேலைசெய்யும் நிலையாகவும் மறுபுறம் பழிக்குரிய விளைவாகவும் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டுச் சைவத்தின் சமயப் பூசல் இரண்டாவது பொருளைத் தேவையாக்கியது என்று கருதலாம்; சமணரை வீழ்த்த ஒரு தண்டனை வேண்டியிருந்தது. அப்பூசலைச் சமணரின் வரலாறாகக் கொள்வதும், தண்டனைப் பகுதியைக் கண்டுகொள்ளாமல் முற்பகுதியை மட்டும் கொண்டாடுவதும் ஒருசேரப் பிழையாகும்.

திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் இவ்வடியாருக்குத் தரும் அடைமொழியில் நாட்டம் என்னும் சொல் உள்ளது. அச்சொல் கண்ணையும் குறிக்கும், மனத்தின் குறிக்கோளையும் குறிக்கும். உரைமரபு முதற்பொருளை அதிசயத்தோடு இணைத்துக் காண்பது எளிது. கயிற்றைப் பிடித்துக் குழிக்குள் இறங்கியவரை இரண்டாம் பொருளே நன்கு குறிக்கிறது.

கண்ணொளி கிடைத்தபின் காப்பியத்தின் நடை விரைகிறது. பாழிகளை அகற்றிக் குளத்தின் கரையைச் செம்மை செய்பவன் சோழ மன்னன். தறி நட்டுக் கயிறு கட்டிய வேலைக்குத் தந்த இடத்தைச் சேக்கிழார் பார்வை பெற்ற தண்டியடிகளின் வேலைக்குத் தரவில்லை. அவர் திருத்தொண்டைத் தொடர்ந்து இறைவன் அடி சேர்ந்தார் என்ற அளவில் புராணம் முடிகிறது.