‘சுரு’ திரைப்படத்தின் உரையாடலும் மூலமொழிச் சிக்கலும்

மொழிபெயர்ப்பு ஆய்வில் மூலமொழி எது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. திரைப்படத்தில் உரையாடல் எம்மொழியில் ஒலிக்கிறதோ அதுவே மூலமொழி எனத் துணைத்தலைப்பு எழுதுவோரும் கொள்வர். துருக்கியின் நாட்டுப்புற வாழ்வைக் காட்டும் படங்களுள் தலையாயதான ‘சுரு’ (மந்தை, 1978) இக்கொள்கைக்கு அடங்குவதில்லை.

இதற்கு முற்பட்ட மெதின் எர்க்சனின் ‘சுசுஸ் யாஸ்’ (நீரற்ற கோடை, 1963) படத்தில் இச்சிக்கல் இல்லை. நெஜாதி ஜுமாலியின் கதையை அடிப்படையாகக் கொண்ட அப்படம் 1964இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. தன் நிலத்து ஊற்றுநீரை அயலாருக்கு மறுக்கும் உழவனும், அவனை எதிர்க்கும் ஊராரும் துருக்கியம் பேசுவோரே. வழக்கு நீரைப் பற்றியது, மொழியைப் பற்றியதன்று.

‘சுரு’வின் மாந்தர் கிழக்கு அனத்தோலியாவின் குர்திய மேய்ச்சற் குடியினர். யில்மாஸ் குனேய் சிறையிலிருந்தவாறே எழுத, ஸெகி ஒக்தென் இயக்கினார். ஆட்டு மந்தையைத் தொடர்வண்டியில் ஏற்றி அங்காராவில் விற்கச் செல்லும் குடும்பம் வழியில் ஆடுகளையும், நகரில் தன்னையுமே இழக்கிறது. இவ்வளவும் துருக்கிய மொழியிலேயே பேசப்படுகிறது. குர்திய மொழியைப் பயன்படுத்தியிருந்தால் படத்தில் பங்கேற்றோர் சிறை சென்றிருப்பர் என்று குனேயே பின்னர்க் கூறியுள்ளார்.

அயல்நாட்டுப் பார்வையாளர் இதனைத் துருக்கியத்தின் ஒரு வட்டார வழக்கு என எண்ணிவிடக்கூடும். துருக்கியம் ஒட்டுநிலை மொழி. குர்தியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியக் கிளையைச் சார்ந்தது. ஆகவே படத்தின் உரையாடல் வழக்கு மாற்றம் அன்று. எழுதப்படாத ஒரு மூலத்தின் மொழிபெயர்ப்பு. ஒலியின்றிப் படமாக்கிப் பின்னர்க் கூடத்தில் குரல் சேர்ப்பது அந்நாளைய துருக்கியத் திரைத்துறையின் பொது வழக்கம். பேசுவோர் வாயசைவும் கேட்கும் குரலும் வேறுவேறாக இருப்பதை அங்குள்ள பார்வையாளர் இயல்பாகவே ஏற்றிருந்தனர்.

1983இல் வந்த 2932ஆம் எண் சட்டம் இந்நிலையை எழுத்திலும் உறுதிப்படுத்தியது. துருக்கியக் குடிமக்களின் தாய்மொழி துருக்கியமே என அது விதித்தது. விலக்கப்படும் மொழியின் பெயரை அச்சட்டம் எங்கும் சுட்டவில்லை என்பது மொழியியலார் கருதத்தக்கது. துருக்கி ஏற்ற நாடுகளின் முதல் ஆட்சிமொழி அல்லாத மொழிகள் எனச் சுற்றிவளைத்தே அது பேசிற்று. 1991இல் அது நீக்கப்பட்டது.

எனினும் ‘சுரு’வில் குர்தியம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நாயகன் பெயர் ஷிவான். குர்தியத்தில் மேய்ப்பன் என்று பொருள். அவன் மனைவி பெரிவான், பால் கறப்பவள். தணிக்கையாளர் பெயர்களைப் பெயர்களாகவே கடந்து சென்றனர் போலும். துணைத்தலைப்பாளரும் அவ்வாறே கடந்துவிட்டனர்.

பெரிவான் படத்தில் பேசுவதில்லை. இம்மௌனத்தை மொழித்தடையின் குறியீடு என்று சொல்லிவிடுவது எளிது. அது முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவள் குழந்தைகளை இழந்தவள். பகைக்குலத்திலிருந்து வந்தவள் என்பதால் மாமனாரின் வெறுப்பைச் சுமப்பவள். ஆண்களின் குலப்பகையே அவள் வாயை அடைத்தது. குர்தியச் சமூகத்தின் இக்கொடுமையைப் படம் மூடிமறைக்கவில்லை. குறியீட்டு விளக்கமோ அதனை மூடிவிடுகிறது. ஆயினும் ஒன்று உண்மை: பிறர்மொழி வாயில் வைக்கப்படாத தலைமை மாந்தர் அவள் ஒருத்தியே. அவளாக நடித்த மெலிகெ தெமிரா பாடகியாக அறியப்பட்டவர்.

குனேய் எழுத ஷெரிஃப் கோரென் இயக்கிய ‘யோல்’ (வழி, 1982) குனேய் நாட்டைவிட்டுத் தப்பியபின் ஐரோப்பாவில் நிறைவுபெற்றது. கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. அதில் குர்தியப் பாடல் ஒலிக்கிறது. ‘குர்திஸ்தான்’ என்னும் சொல் திரையில் எழுத்தாகவே தோன்றுகிறது. துருக்கியில் 1999வரை அப்படம் திரையிடப்படவில்லை.

‘சுரு’வைத் தமிழாக்குவோர் ஷிவானின் பேச்சைக் கரிசல் வழக்கிலோ கொங்கு வழக்கிலோ அமைக்க விழைவர். அது மண்வாசனை தரும். ஆனால் மூலத்தில் மறுக்கப்பட்ட தாய்மொழியை இங்கே இருந்ததாகக் காட்டிவிடும். செந்தமிழோ மேய்ப்பர் வாயில் பொருந்தாது. வட்டாரச் சாயல் இல்லாத எளிய பேச்சுத் தமிழும், பெயர்கள் முதலில் வருமிடத்து அவற்றின் பொருளும் தருவதே தக்கது. பெரிவானை நோக்கி ஷிவான் மன்றாடும் இடங்களில் அவன் சொற்கள் முடிந்ததும் எழுத்தை உடனே திரையிலிருந்து அகற்றிவிடவும் வேண்டும். அடுத்த வரியை முன்னதாக இட்டு அந்த இடைவெளியை நிரப்பும் பழக்கம் பல படிகளில் காணப்படுகிறது.