லேடாங் மலை இளவரசி: திரையும் மூலமும்

சோ தியோங் ஹின்னின் நெறியாள்கையில் 2004இல் வெளிவந்த ‘புத்ரி குனோங் லேடாங்’, ஒஸ்கார் பரிசின் பிறமொழிப் பிரிவுக்கு மலேசியா அனுப்பிய முதற் படமாகும். அதன் காட்சியழகை மறுப்பாரில்லை. கதையை அது கையாண்டவாறே ஆராயத்தக்கது.

மூலக்கதை ‘செஜாரா மெலாயு’வில் உள்ளது. மலாக்கா சுல்தான் மஹ்மூத், லேடாங் மலை இளவரசியைப் பெண்கேட்டுத் தூதனுப்புகிறான். தூதருள் ஒருவனான ஹங் துவா, முதுமையால் மலையேற மாட்டாது இடைவழியில் தங்கிவிடுகிறான். உச்சியை அடையும் துன் மாமாட்டிடம் முதியவள் ஒருத்தி இளவரசியின் நிபந்தனைகளைக் கூறுகிறாள்: பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள், ஏழு தட்டு நுளம்பு இதயங்கள்; ஈற்றில் மன்னனதும் அவன் மைந்தனதும் குருதி. மறுப்பென்று கூறாமலே மறுக்கும் இம்மதிநுட்பமே கதையின் உயிர்.

திரைப்படமோ துவாவை இளவரசியின் காதலனாக்குகிறது. இதனாற் பயனில்லாமலில்லை. விசுவாசத்தின் வடிவமாகவே போற்றப்பட்டு வந்த துவா, எம். நாசிரின் அடக்கமான நடிப்பில், தான் விரும்பியவளையே தன் அரசனுக்காகக் கேட்கச் செல்லும் மனிதனாகிறான். விசுவாசத்தின் விலை யாதென அப்பொழுது உணர்கிறோம்.

எனினும் இழப்பும் பெரிதே. மூலத்தில் அவளது மறுப்புக்குக் காதலன் ஒருவன் தேவைப்படவில்லை. அரச அதிகாரத்தின் பேராசையை அவள் தனித்தே அளந்து காட்டினாள். படத்தில் அம்மறுப்பு காதலின் விளைவாகச் சுருங்கிவிடுகிறது. மரபுக்கதையை மாற்றுதல் கலைஞனின் உரிமை. ஆயின், துவாவுக்கு மனிதத்தன்மை ஈந்த இப்படம், இளவரசியின் தனித்துவத்தையே அதற்கு விலையாகக் கொடுத்துவிட்டது.